மூலையில் கிடந்து சாகும் பேட்டரி

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆனி பிறந்ததும் சீர்காழிப் பக்கத்து ரிப்பேர் கடைகளில் மருந்தடிக்கிற பேட்டரி மிஷின்கள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். வருகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "தை மாசம் நல்லாத்தான் ஓடிச்சு அண்ணே. கழுவித்தான் எடுத்து வச்சேன். இப்ப ரெண்டு டேங்க் கூட அடிக்க மாட்டேங்குது." கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி மீட்டரை வைப்பார். 9 வோல்ட்டோ அதற்கும் கீழோ காட்டும். "தம்பி, இது போயிடுச்சு. வேற போட்டுக்க." அடுத்த ஆனியில் அதே ஆள், அதே மிஷின், அதே பேச்சு.

டெல்டாவில் பெரும்பாலோருக்குப் பழக்கமான பேட்டரி பம்பு, முதுகில் மாட்டும் இந்த 16 லிட்டர் மிஷின்தான். உள்ளே சீல் வைத்த 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றும், உள்ளங்கை அளவு டயஃப்ரம் மோட்டார் ஒன்றும் இருக்கும். அதே பேட்டரியைக் கழற்றி, ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டாரைக் குட்டையிலோ தொட்டியிலோ இறக்கிக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களும் உண்டு. இப்போது லித்தியம் பேட்டரியோடு வரும் தோட்டத்துப் பம்புகளும் ஆன்லைனில் வாங்கப்பட்டு வீட்டுக்கு வீடு வந்து இறங்குகின்றன.

மிஷினோடு நம்பிக்கைகளும் வந்து சேர்ந்தன. ஒன்று செல்போனிலிருந்து வந்தது, ஒன்று டிராக்டர் பேட்டரியிலிருந்து, ஒன்று போர் மோட்டாரிலிருந்து. பிறந்த இடத்தில் அவற்றில் பலவும் சரிதான். பெயர்த்துக்கொண்டு வந்து வேறு பேட்டரியில் நட்டதில்தான் கோளாறு.

"சுத்தமா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்"

படித்தவர்களும் அடித்துச் சொல்வது இது. மூலம் நிக்கல்-காட்மியம் பேட்டரி. 1899-இல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் உருவாக்கிய அந்த வகை, பழைய கார்டுலெஸ் போன்களிலும் ஷேவிங் மிஷின்களிலும் இருந்தது. அதைப் பாதியில் பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் கொள்ளளவு சுருங்கியதுபோல நடந்துகொள்ளும். அதனால் அவ்வப்போது முழுக்க இறக்கச் சொன்னார்கள். அந்த பேட்டரி வீட்டை விட்டுப் போய்விட்டது. அதற்குச் சொன்ன வைத்தியம் மட்டும் தங்கிவிட்டது.

நம் மருந்து மிஷினில் இருப்பது 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த ஈய-அமில வகை. இதன் குணம் நேர் எதிர். பேட்டரி இறங்க இறங்க, உள்ளே தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது சர்க்கரைத் தூள் மாதிரி கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் கற்கண்டாகக் கட்டிக்கொள்ளும். கட்டிய இடம் மறுபடி வேலைக்கு வராது. தகட்டில் எவ்வளவு இடம் கட்டிப்போனதோ, அவ்வளவு பேட்டரி போனது.

தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளைப் பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கும். சாதாரண சீல் பேட்டரியை ஒவ்வொரு முறையும் அடிவரை இறக்கினால் 200 முதல் 250 முறை வரை தாங்கும். பாதியோடு நிறுத்திச் சார்ஜ் போட்டால் 400, 500 முறை. மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும். காலையில் ஐந்து டேங்க் அடித்துவிட்டு வந்து, மீதி இருக்கிறதே என்று அப்படியே வைப்பதைவிட, அன்று மாலையே சார்ஜ் போட்டுவிடுவது நல்லது.

லித்தியத்துக்கும் முழுக்க இறக்கும் பழக்கம் கெடுதல்தான். நிக்கல்-காட்மியத்துக்கு இருந்த அந்த ஞாபகக் கோளாறே இதற்குக் கிடையாது. மோட்டாரின் சத்தம் மெலிந்ததும் நிறுத்திவிடுங்கள். இரண்டு வகைக்கும் பொதுவான விதி அது ஒன்றுதான்.

"ஓடாம இருந்தா பேட்டரிக்கு என்ன ஆகப்போகுது?"

எல்லாம் ஆகும். ஆனி மாதத்து வரிசைக்குக் காரணமே இந்த நம்பிக்கைதான் என்பேன்.

நம் சாகுபடிக் காலத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சம்பாவுக்குக் கடைசி மருந்து மார்கழியில் முடிந்துவிடும். தையில் அறுப்பு. உளுந்து பயறு தெளித்தவர்கள் மாசிவரை ஓரிரு முறை அடிப்பார்கள். அதன்பிறகு மிஷின் போகும் இடம் பரண், இல்லையென்றால் மாட்டுக்கொட்டகைத் தகரத்தின் கீழ். கடைசி நாள் அடித்ததுபோக மீதி இருக்கும் அரைகுறைச் சார்ஜோடு பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் அங்கேதான் கழியும். பேட்டரிக்கு இதைவிடக் கொடுமையான மூன்று மாதம் கிடையாது.

சும்மா இருக்கும் ஈய பேட்டரி தானாகவே இறங்கும். 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு 3 சதவீதம் போல. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆயுளும் அதே 10 டிகிரிக்குப் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பழைய கணக்கு. தகரக் கொட்டகையின் மதிய வெப்பத்தைச் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே பாதியில் நின்ற பேட்டரி மேலும் இறங்க, கற்கண்டு கட்டும் வேலை இரவு பகலாக நடக்கிறது.

இதோடு ஸ்விட்சை அணைக்க மறந்தால் முடிந்தது. சார்ஜ் காட்டும் சின்ன மீட்டர் விளக்கு 20 மில்லி ஆம்பியர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், 8 ஆம்பியர்-மணி பேட்டரி முழு சார்ஜோடு இருந்தாலும் 17 நாளில் காலி.

எடுத்து வைக்கும் நாளில் முழுக்கச் சார்ஜ் போடுங்கள். பேட்டரியின் ஒரு ஒயரையாவது கழற்றிவிடுங்கள். பரணிலிருந்து இறக்கி வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை, அமாவாசையோ வாடகை நாளோ ஏதாவது ஒன்றை ஞாபகக் குறியாக வைத்துக்கொண்டு, சார்ஜரை மாட்டிவிடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சும் பம்புக்கு இதே ஆபத்து வேறு மாதத்தில் வரும். அது மாசியிலிருந்து ஆவணிவரை ஓடும். ஐப்பசி மழை இறங்கியதும் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தை கடைசியில் எடுத்தால் செத்துக் கிடக்கும். வயல் பேட்டரி கோடையில் சாகிறது, கொல்லை பேட்டரி அடைமழையில் சாகிறது. இரண்டும் சாவது வேலை இல்லாத காலத்தில்தான்.

லித்தியம் மட்டும் இங்கே வேறு மாதிரி. அதை முழுக்க நிறைத்து வெப்பத்தில் வைத்தால் வேகமாக முதுமை அடையும். பாதி சார்ஜில் வைப்பதுதான் அதற்குச் சுகம். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் குழப்பம் வராமல் மார்க்கர் பேனாவால் எழுதிவிடலாம்: ஒன்றில் 'நிறைச்சு வை', இன்னொன்றில் 'பாதி வை'. எது எது என்று தெரியாவிட்டால் கையில் தூக்கிப் பாருங்கள். 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். அதே அளவு மின்சாரம் தாங்கும் லித்தியம் அதில் பாதி எடைகூட இருக்காது.

"பச்சை லைட் வந்துட்டா ஃபுல்"

பச்சை லைட்டுக்குப் பேட்டரியின் உடல்நிலை தெரியாது. தன் வழியே போகும் ஆம்பியர் குறைந்துவிட்டது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நிறைந்தாலும் குறையும், ஒயர் விட்டுப்போனாலும் குறையும், ஃபியூஸ் போனாலும் குறையும், உள்ளே கட்டிப்போய் பேட்டரியே வாங்க மறுத்தாலும் குறையும். பேட்டரியே மாட்டாமல் சார்ஜரைப் பிளக்கில் சொருகிப் பாருங்கள், அப்போதும் பச்சைதான். நேற்று முழுக்க அடித்த பேட்டரி, மாட்டிய பத்தே நிமிடத்தில் பச்சை காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அது கெட்ட சகுனம்.

உண்மை தெரிய வேண்டுமானால் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். சார்ஜரைக் கழற்றி நாலைந்து மணி நேரம் ஆறவிட்டு அளவெடுங்கள். 12.7 வோல்ட் அல்லது சற்று மேலே என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் காலி. கழற்றிய உடனே பார்த்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். முழுசாக ஏற்றி, ஒரு இரவு ஆறவிட்டும் 12.4-ஐத் தாண்டவில்லை என்றால் அந்த பேட்டரி அந்திமத்தில் இருக்கிறது.

சார்ஜர் மாற்றிப் போடுவது இன்னும் பெரிய வம்பு. மருந்து மிஷினோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் 1.7 ஆம்பியர் போலத் தரும். காலி பேட்டரி நிறைய ஆறேழு மணி நேரம் ஆகும். "அவ்வளவு நேரம் யார் காத்திருப்பது" என்று கார் பேட்டரி சார்ஜரை மாட்டுகிறவர்கள் உண்டு. 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2, மிஞ்சிப்போனால் 2.4 ஆம்பியர்தான் அளவு. 10 ஆம்பியரைத் திணித்தால் வயிறு உப்பிவிடும்.

லித்தியத்தில் இது வம்போடு நிற்காது, தீ விபத்தாகலாம். மூன்று செல் வைத்த '12 வோல்ட்' லித்தியம் 12.6 வோல்ட்டில் நிற்க வேண்டியது. ஈய பேட்டரி சார்ஜர் 14.4 வரை ஏற்றும். சொருகும் பின் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதுதான் கொடுமை. உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை வேலை செய்தால் தப்பிக்கலாம். மலிவுப் பேட்டரியில் அதை நம்பி வீட்டைப் பணயம் வைக்க முடியாது. எந்த சார்ஜர் எதோடு வந்ததோ அதற்கு மட்டுமே. லித்தியத்தை இரவு படுக்கப் போகும்போது கட்டில் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். வைக்கோல், சாக்கு, சாமி விளக்கு எதுவும் அருகில் இல்லாத தரையில், கண்ணெதிரே போடுங்கள்.

தரை என்றதும் ஒன்று. "சிமெண்ட் தரையில வச்சா சார்ஜ் இறங்கிடும், பலகை மேல வை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேட்டரியின் பெட்டியை மரத்திலும் ரப்பரிலும் செய்த காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. ஈரம் ஊறிக் கசிவு ஏற்படும். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையும் பலகையும் ஒன்றுதான். பெரியவர் மனம் நோகாமல் பலகையில் வைத்துக்கொள்ளலாம், நஷ்டம் இல்லை.

"கொஞ்சம் தண்ணி ஊத்தினா உயிர் வந்துடும்"

இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் டிராக்டர் பேட்டரிக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு மூடி இருக்கிறது, உள்ளே அளவுக்கோடு இருக்கிறது. மருந்து மிஷினில் இருப்பது சீல் பேட்டரி. மேல் தகட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து ஊசியில் தண்ணீர் ஏற்றும் வித்தை சில இடங்களில் நடக்கிறது. ஒருவேளை பத்து நாள் ஓடும். அமிலம் கண்ணில் தெறித்தால் என்னவாகும் என்பதையும் அந்தப் பத்து நாளோடு சேர்த்து எடை போட்டுக்கொள்ளுங்கள்.

திறந்த பேட்டரிக்கு ஊற்றினாலும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். திருமுல்லைவாசல், பூம்புகார், பழையாறு பக்கத்துப் போர்த் தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும் எவ்வளவு உப்பு என்று. அந்தக் குளோரைடும் இரும்பும் தகட்டை அரித்துவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம். அதில் தூசியும் குழாய் உலோகமும் கலந்திருக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஆவியாகிப் பிரிந்து போவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது.

கடலோரக் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். துடைத்துச் சுத்தம் செய்து கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். 'மோட்டார் போச்சு' என்று வரும் மிஷின்களில் கணிசமானவற்றுக்கு இதுதான் வியாதி.

"12 வோல்ட் மோட்டார், மாடிக்கே ஏத்தும்னு போட்டிருக்கு"

அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும். உதாரணத்துக்கு, 5 மீட்டர் உயரம், மணிக்கு 1,000 லிட்டர். இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. 1,000 லிட்டர் வருவது குழாயே இல்லாமல், உயரமே இல்லாமல் கொட்டும்போது. 5 மீட்டர் உயரத்தில் தண்ணீர் குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும், ஒரு சொட்டுகூட வெளியே விழாது. நமக்குக் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் எங்கோ.

தண்ணீர் தூக்குவதில் மந்திரம் இல்லை. 1,000 லிட்டரை 10 மீட்டர் தூக்கக் குறைந்தது 27 வாட்-மணி வேண்டும். சின்ன மோட்டார்கள் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தண்ணீரில் போடும். ஆகவே 80, 90 வாட்-மணி. மருந்து மிஷின் பேட்டரியில் மொத்தம் 12-ஐ 8-ஆல் பெருக்கினால் 96 வாட்-மணி. ஆயுளை நினைத்துப் பாதியோடு நிறுத்தினால் 48. அப்படியானால் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சார்ஜில் 500 லிட்டர். அதற்கு மேல் யார் சொன்னாலும் விற்பனைப் பேச்சு. '12 வோல்ட், 1 எச்பி' என்று பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். 1 எச்பி என்பது 746 வாட். 12 வோல்ட்டில் அது 62 ஆம்பியர். நம் பேட்டரி காகிதத்திலேயே எட்டு நிமிடம் தாங்காது.

அதற்காக மட்டமாக நினைக்கவும் வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு சென்ட் கத்திரி, வெண்டைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் கணக்கில் 200 லிட்டர் போதும். நம் பக்கம் குட்டைத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ பெரும்பாலும் எட்டும் ஆழத்தில்தான் இருக்கிறது. 3 மீட்டர் தூக்கி 200 லிட்டர் என்பது இந்த பேட்டரிக்கு விளையாட்டு. இரண்டு மூன்று சென்ட் கொல்லையை அது தாராளமாகக் காப்பாற்றும். வயலைக் காட்டினால்தான் தோற்கும்: ஒரு மா நிலத்தில், அதாவது 33 சென்டில், 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 67,000 லிட்டர் ஆகும். மணிக்கு 900 லிட்டர் தரும் பம்பு மூன்று நாள் இரவு பகலாக ஓட வேண்டும்.

உறிஞ்சும் உயரத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. மேலே உட்கார்ந்து உறிஞ்சும் எந்தப் பம்பும், எத்தனை எச்பி ஆனாலும், 10.3 மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீரைத் தள்ளி மேலே அனுப்புவது காற்றின் அழுத்தம்; அதன் பலமே அவ்வளவுதான். நடைமுறையில் நல்ல கைப்பம்பு ஏழு மீட்டர்வரை இழுக்கும், சின்ன பேட்டரி பம்புகள் இரண்டு மூன்று மீட்டரிலேயே திணறும். ஆழத்தில் இருந்தால் மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்கித் தள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் பல வீடுகளில் தண்ணீர் குறைவதற்குக் காரணம் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஒயர். பேட்டரியைத் திண்ணையில் வைத்துக்கொண்டு, 20 மீட்டர் தள்ளிக் குட்டைக்கு மெல்லிய ஒயர் இழுப்பார்கள். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், போக 20 வர 20 என்று 40 மீட்டர். தடை 0.7 ஓம். மோட்டார் 4 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 2.8 வோல்ட் போய்விடும். 12-இல் கிளம்பியது 9-ஆகப் போய்ச் சேர்ந்தால் மோட்டார் எப்படித் தள்ளும்? 230 வோல்ட்டில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது, 12-இல் கால்வாசி. பேட்டரியை மோட்டாருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், நீளத்தை ஹோஸில் வையுங்கள். அந்த ஹோஸும் அரை அங்குலமாக இருக்க வேண்டாம். அதே தண்ணீர் ஒரு அங்குல ஹோஸில் போவதைவிட அரை அங்குலத்தில் போகும்போது உராய்வு ஏறக்குறைய முப்பது மடங்கு.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் பேட்டரிதான் வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். டயஃப்ரம் பம்பு கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் இறக்கும் பம்புக்குக் குளிர்ச்சியும் மசகும் அந்தத் தண்ணீரே. வறண்டு ஓடினால் சில நிமிடத்தில் சீல் பொசுங்கும். மருந்து மிஷினில் கன்னை மூடியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். மூடிய பிறகும் விட்டுவிட்டு 'டொக் டொக்' என்றால் எங்கோ வாஷர் கசிகிறது. பேட்டரி அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

"பேட்டரிதானே, ஷாக் அடிக்காது"

12 வோல்ட் அடிக்காது, சரி. அது வரும் சார்ஜரின் மறுபக்கம் 230 வோல்ட். ஈரக் கையோடு, கொல்லைக் கதவோரம், வயர் தேய்ந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுகிறோமே, அங்கே உயிர் போகும். மின்கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டுப் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட்டும் முழுக்கச் சாது இல்லை. இரண்டு முனைக்கும் நடுவில் ஸ்பேனரோ மோதிரமோ பட்டால் பழுத்துச் சிவந்துவிடும்.

2022 நவம்பரில் சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்குள் வந்த தண்ணீரில் மிக்சி, பம்பு, பேட்டரி எல்லாம் மிதந்தன, கரண்டும் இல்லை. அப்போது பலர் கேட்ட கேள்வி: முழுகிய பேட்டரியைக் காயவைத்து ஓட்டலாமா? சீல் வைத்த ஈய பேட்டரி என்றால் பெரும்பாலும் ஓட்டலாம். வெளியே கழுவி, துடைத்து, முனைகளைச் சுத்தம் செய்து, வோல்ட் பார்த்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள். சார்ஜரை மட்டும் தூக்கி எறியுங்கள். லித்தியம் முழுகியிருந்தால் கதையே வேறு. வெயிலில் வைத்துக் காய்ந்ததுபோலத் தெரியும். உள்ளே ஈரமும் உப்பும் பலகையை அரித்துக்கொண்டிருக்கும், நாள் கழித்துக்கூடப் பற்றிக்கொள்ளலாம். அதே 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இயான் புயல் தாக்கிக் கடல் நீர் ஏறியபோது, நனைந்த மின்சாரக் கார்கள் பிற்பாடு தீப்பிடித்தன. முழுகிய லித்தியத்தைச் சார்ஜ் போடாமல், வீட்டை விட்டுத் தள்ளி வைத்துக் கடையில் ஒப்படைப்பதுதான் வழி.

சோலார் பேனலை நேராக பேட்டரியில் மாட்டுவதும் நம் ஊரில் சகஜமாகி வருகிறது. '12 வோல்ட்' பேனல் என்று பெயரே தவிர, வெயிலில் சும்மா நிற்கும்போது அது 21, 22 வோல்ட் காட்டும். நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர் இல்லாவிட்டால், நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்து பேட்டரியை வறட்டிவிடும். கண்ட்ரோலர் விலை ஒரு புது பேட்டரியின் விலையைவிடக் குறைவு. 20 வாட் பேனல் ஒன்று, நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரக் கணக்கில், கொல்லை பேட்டரியைத் தினமும் நிறைத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் எதிர்பார்க்காதீர்கள். அப்போது பாய்ச்சவும் வேண்டியதில்லை.

கரண்ட் பில் எகிறும் என்ற பயமும் வீண். 96 வாட்-மணி பேட்டரியை அடிமட்டத்திலிருந்து நிறைக்க, சார்ஜரின் இழப்பையும் சேர்த்து, 0.15 யூனிட் ஆகும். தினமும் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தரும் மாநிலத்தில் இது பேச்சுக்குரிய தொகை இல்லை.

"நாலு தடவை அலசியாச்சு, இனி செடிக்குத் தண்ணி அடிக்கலாம்"

பேட்டரியைவிட இதில்தான் எனக்குப் பயம் அதிகம். களைக்கொல்லி அடித்த டேங்கை அலசி, அதிலேயே கொல்லைக்குத் தண்ணீர் தெளிப்பது. நெல்லில் அகலஇலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி என்ற மருந்து நெல்லை விட்டுவிடும், அகலமான இலை உள்ள எதையும் விடாது. பருத்தி, தக்காளி, கத்திரி, வெண்டை, அவரை, உளுந்து எல்லாம் அகல இலைதான். பருத்தியும் தக்காளியும் கண்ணுக்குத் தெரியாத அளவு பட்டாலே இலை ஒடுங்கி, நரம்பு தூக்கி, நுனி சுருண்டு போகும். வைரஸ் நோய் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு.

மருந்து ஒளிந்திருப்பது டேங்கில் மட்டும் இல்லை. ஹோஸின் உள்சுவர், டயஃப்ரம் ரப்பர், வடிகட்டி, நாசில் மூலை எல்லாவற்றிலும் ஊறியிருக்கும். அதனால் டேங்கை மட்டும் குலுக்கிக் கொட்டுவதில் பயனில்லை. வேறு வழியே இல்லையென்றால், மூன்று முறை தண்ணீரை கன் வழியாகவே அடித்து வெளியேற்றி, சலவைச் சோடாக் கரைசலை நிரப்பிக் கொஞ்சம் அடித்து, மீதியை ஹோஸிலும் டேங்கிலும் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் மறுபடி அலச வேண்டும். அந்தத் தண்ணீரும் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போகக் கூடாது. களைக்கொல்லிக்கென்று பழைய கைத்தெளிப்பான் ஒன்றைத் தனியாக, சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்துக்கொள்வது எவ்வளவோ சுலபம். பேட்டரி மிஷினைப் பூச்சி மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். கொல்லைக்கு பேட்டரி மட்டும் வரட்டும், டேங்க் வர வேண்டாம்.

கடைசியில் செத்த பேட்டரி. அதைக் கொல்லையில் புதைப்பதும், ஈயத்துக்காகப் பிளந்து உருக்குவதும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யக் கூடாத காரியம். அந்த ஈயம் மண்ணிலேயே தங்கும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், "இதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பல கடைகளில் தானாகச் சொல்ல மாட்டார்கள்.